சதைக்குள் போன வெளிச்சம்

அக்கா மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துவிட்டு வந்தாள். கட்டி எதுவும் இல்லை, ஆனால் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அல்ட்ராசவுண்டும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்று அறிக்கையில் ஒரு வரி. தட்டுகளுக்கு நடுவில் வைத்து அமுக்கிய எரிச்சல் இன்னும் போகவில்லை போல, என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "டேய், நீ லைட் ஃபேக்டரியிலதானே வேலை செய்யிற, இப்படிப் போட்டு நசுக்காம சும்மா லைட் அடிச்சுப் பார்க்க முடியாதா லா?"

முடியும், ஆனால். அந்த "ஆனால்" வாட்ஸ்அப்பில் அடங்காது, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எல்இடி சில்லுகளைச் சோதித்து அலைநீளம் வாரியாகப் பிரிக்கும் பகுதியில் இருக்கிறேன். என் கையில் அதிகம் புழங்குவது 660 நானோமீட்டர் சிவப்பும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும். மருத்துவமனையில் விரலில் மாட்டுவார்களே ஆக்சிஜன் கிளிப், அதற்குள் இருக்கும் ஜோடி இதுதான். கோவிட் காலத்தில் இதற்கு இருந்த கிராக்கியைப் பார்த்த பிறகுதான், இந்த வெளிச்சம் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

சதை வெளிச்சத்தைத் தடுத்துவிடுகிறது, அதனால்தான் உள்ளே பார்க்க முடியவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருட்டறையில் கைப்பேசி டார்ச்சின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். விரல் முழுக்கச் சிவப்பாக எரியும். ஆக வெளிச்சம் தாராளமாகவே உள்ளே போய் வெளியே வருகிறது. நீலத்தையும் பச்சையையும் இரத்தம் குடித்துவிடுகிறது, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. ஆனால் விரலுக்குள் இருக்கும் எலும்பின் நிழல் தெரிகிறதா? தெரியாது. இத்தனை வெளிச்சம் வந்தும் படம் வரவில்லையே, ஏன்?

சுமத்ராவில் காடு எரிந்து இங்கே புகைமூட்டம் வரும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2015, 2019 எல்லாம் நமக்கு மறக்காது. மதியம் நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கும், கண்கூடக் கூசும், ஆனால் பினாங்குப் பாலம் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும், அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் ஒன்றுமே தெரியாது. அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் வழியில் துகளில் மோதித் திசை மாறி, மறுபடி மோதி, மறுபடி மாறி வருவதால், எங்கிருந்து வந்தது என்ற தகவல் அதனிடம் இல்லை. சதைக்குள்ளும் இதே கதைதான், ஆனால் பல மடங்கு மோசம். செல்லின் சவ்வு, உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கொலாஜன் இழை, கொழுப்புத் துளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுகிறது. அந்த வேறுபாடு இருக்கும் இடத்தில் எல்லாம் ஒளி வளைகிறது.

எண்ணில் சொன்னால்தான் இதன் கொடுமை புரியும். மார்பகத் திசுவில் ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) சராசரியாக 0.1 மில்லிமீட்டர் போவதற்குள் ஒரு முறை சிதறிவிடும். பெரும்பாலும் முன்பக்கமாகவே லேசாகத் திரும்புகிறது என்பதால் கிளம்பிய திசையை முழுசாகத் தொலைக்க ஒரு மில்லிமீட்டர் ஆகும். 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள திசுவை ஒரு ஃபோட்டான் எங்கும் மோதாமல் நேராகக் கடந்து வர எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால், 1-க்குப் பின்னால் 217 சுழியம் போட்ட எண்ணில் ஒன்று. ஒரு வாட் அகச்சிவப்பு ஒளியில் வினாடிக்கு வருவதே 4-க்குப் பின்னால் 18 சுழியம் அளவு ஃபோட்டான்கள்தான். பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் அந்த விளக்கை எரிய விட்டிருந்தாலும் நேராக வந்தது ஒன்றுகூட இருக்காது. எக்ஸ்ரேயில் நேராக வரும் கதிர்கள் போதுமான அளவு மிஞ்சுகின்றன, அதனால் நிழல் விழுகிறது, படம் வருகிறது. இதுதான் வித்தியாசம்.

அக்கா கேட்டதை 1929-லேயே நியூயார்க்கில் மேக்ஸ் கட்லர் என்ற மருத்துவர் செய்து பார்த்துவிட்டார். இருட்டறை, மார்பகத்துக்குக் கீழே பிரகாசமான விளக்கு, மேலே டாக்டரின் கண். இரத்தம் கட்டிய இடம் கறுப்பாகத் தெரிந்தது, நீர்க்கட்டி வெளிச்சமாகத் தெரிந்தது. புற்றுநோயா, சாதாரணக் கட்டியா என்று நம்பிக்கையாகப் பிரிக்க முடியவில்லை. விளக்கை இன்னும் பிரகாசமாக்கலாம் என்றால் சூடு தாங்காது. பிறகு 1980-களில் அகச்சிவப்பு கேமரா எல்லாம் வைத்து இதையே தூசி தட்டி எடுத்து, மேமோகிராமோடு பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். சிறிய கட்டிகளைத் தவறவிட்டது. எதை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டுமோ, அதைத்தான் விட்டது. அத்தோடு அந்த அலை ஓய்ந்தது.

ஓய்ந்தது என்று நினைத்தால், இப்போது அதே சிவப்பு டார்ச்சைக் கையடக்கமாக்கி "வீட்டிலேயே மார்பகப் பரிசோதனை, கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை" என்று ஃபேஸ்புக் லைவில் விற்கிறார்கள். எங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) ஒரு ஆன்ட்டி வாங்கி வைத்திருக்கிறார். அதற்குள் இருப்பது என்ன எல்இடி என்று எனக்குத் தெரியும், அதன் அடக்க விலையும் தெரியும், விற்கும் விலையைக் கேட்டு வயிறு எரிந்ததுதான் மிச்சம். காசு போனால் பரவாயில்லை. "டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று மேமோகிராமைத் தள்ளிப்போடுவார்களே, அங்கேதான் ஆபத்து. மலேசியாவில் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான், தாமதமாக வந்து சேருபவர்களும் நிறைய. மலேசிய அரசின் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்பிபிகேஎன்னில் மேமோகிராமுக்கு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது, தகுதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அக்காவுக்குச் சொன்னதும் இதையேதான்: அறிக்கையில் சொன்னபடி அல்ட்ராசவுண்டை எடு, மீதியை அப்புறம் பேசலாம். அடர்த்தியான திசு மேமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும், அதனால்தான் இன்னொரு முறையில் பார்க்கச் சொல்கிறார்கள். ஆசியப் பெண்களுக்கு இந்த அடர்த்தி கூடுதலாகவே இருக்கிறது.

சரி, டார்ச்சைத் திட்டியாயிற்று. ஒளியைத் திட்ட எனக்கு மனசில்லை. ஏனென்றால் எக்ஸ்ரேக்குத் தெரியாத ஒன்று ஒளிக்குத் தெரியும்: இரத்தம். சுமார் 650 முதல் 950 நானோமீட்டர் வரை ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்குக் கீழே இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் விடாது, அதற்கு மேலே தண்ணீர் விடாது, நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் ஒளி சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே போகும். அதோடு இந்த ஜன்னலுக்குள் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் வேறு வேறு விதமாக உறிஞ்சுகின்றன. 800 நானோமீட்டருக்குப் பக்கத்தில் இரண்டும் சமம், அதற்கு இந்தப் பக்கம் ஒன்று கூடுதலாக உறிஞ்சும், அந்தப் பக்கம் மற்றது. ஜப்பானில் நிஹோன் கோடென் நிறுவனத்தில் இருந்த டக்குவோ அயோயாகி 1974-ல் இதை வைத்துத்தான் விரல் கிளிப்புக்கு அடிப்படை போட்டார்.

கட்டி வளர இரத்தம் வேண்டும். புது இரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளாமல் கட்டி பெரிதாக முடியாது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-ல் எழுதினார். அப்படி இழுத்துக்கொண்ட குழாய்கள் கோணல்மாணலாக, கசிவோடு இருக்கும், ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே கட்டி இருக்கும் இடத்தில் ஹீமோகுளோபின் சுற்றியுள்ள திசுவைவிடக் கூடுதல், பல ஆய்வுகளில் ஏறத்தாழ இரு மடங்கு. மருந்தோ சாயமோ எதையும் செலுத்தாமல், வெறும் வெளிச்சத்தில் இதை அளக்கலாம். எனக்கு இந்தத் துறையின் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

அளக்கலாம் என்றேன், பார்க்கலாம் என்று சொல்லவில்லை. நேராக வரும் ஒளியே இல்லை என்றான பிறகு, வழிதவறி வந்த ஒளியை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். மார்பகத்தைச் சுற்றிப் பல இடங்களில் ஒளியைச் செலுத்தி, பல இடங்களில் வெளியே வருவதை அளந்து, உள்ளே எங்கே எவ்வளவு உறிஞ்சப்பட்டிருந்தால் இப்படி வந்திருக்கும் என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. டிஃப்யூஸ் ஆப்டிகல் டோமோகிராஃபி என்று பெயர். அந்தக் கணக்கின் அடியில் இருக்கும் சமன்பாட்டை நட்சத்திரங்களுக்காக விரிவாகத் தீர்த்து, 1950-ல் தடிமனான ஒரு புத்தகமாகவே போட்டவர் நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர். நட்சத்திரத்தின் வளிமண்டலத்துக்குள் ஒளி எப்படிச் சிதறி, உறிஞ்சப்பட்டு வெளியேறுகிறது என்பது அவர் கேள்வி. ஒளிச்சிதறலுக்காக 1930-ல் நோபல் வாங்கிய சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் சிதறலில் இவ்வளவு பிடிப்பு, அது இன்றைக்கு மார்பகக் கட்டி வரை வந்து நிற்கிறது. (பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு பத்தி கிடைத்தால் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இந்த முறையின் பலவீனமும் கணக்கிலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் வேறு வேறு அமைப்புகள் வெளியே கிட்டத்தட்ட ஒரே அளவீட்டைக் கொடுத்துவிடும். அளவீட்டில் கொஞ்சம் இரைச்சல் (தற்செயல் பிழை) கலந்தாலே விடை எங்கேயோ போய்விடும். அதனால் படம் மங்கல். ஆழத்தில் 5 முதல் 10 மில்லிமீட்டருக்குக் குறைவானதைப் பிரித்துக் காட்டுவது கஷ்டம். முதலில் வந்து சேரும் ஃபோட்டான்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கொஞ்சம் தெளிவு கூடும், ஏனென்றால் அவை குறைவாகச் சுற்றியவை. 5 சென்டிமீட்டரை நேராகக் கடக்கச் சுமார் 230 பிக்கோவினாடி (ஒரு பிக்கோவினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) போதும், அலைந்து வருபவை அதைப் போல ஆயிரம் மடங்கான நானோவினாடிக் கணக்கில் தாமதிக்கும். ஒற்றை ஃபோட்டானை உணர்ந்து அது வந்த நேரத்தையும் குறிக்கும் சென்சார்கள் ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் மட்டும்தான் இருந்தன, இப்போது கைப்பேசியில் தூரம் அளக்கவே அவை உட்கார்ந்திருக்கின்றன. விலை இப்படி இறங்கியதால் இந்தப் பக்கத்தில் ஏதாவது நடக்கும் என்று எனக்கு ஒரு எதிர்பார்ப்பு.

மங்கலான படத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்கலாம். கட்டியைத் தேடுவதற்கு வேண்டாம், ஏற்கெனவே கண்டுபிடித்த கட்டி மருந்துக்கு மசிகிறதா என்று பார்க்க வைத்துக்கொள்ளலாமே. அறுவை சிகிச்சைக்கு முன் கீமோ கொடுக்கிறார்கள் என்றால், கட்டி சுருங்கியதா என்று தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ப்ரூஸ் டிராம்பர்க்கின் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து வேலை செய்தவர்களுக்கு முதல் கீமோவுக்கு மறுநாளே கட்டியில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் எகிறியது, வேலை செய்யாதவர்களுக்கு அது எகிறவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் வேலைக்கு ஆகாத மருந்தை மாதக்கணக்கில் உடம்பில் ஏற்றி, முடி கொட்டி, வாந்தி எடுத்து, கடைசியில் "மாற்றிப் பார்க்கலாம்" என்று கேட்கும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தினமும் படுக்கைப் பக்கத்திலேயே அளக்கலாம், கதிர்வீச்சுக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் ஒளி முறைக்கு நியாயமான இடம் இதுதான், மேமோகிராமோடு போட்டி போடுவது வீண் வேலை.

ஒளி வெளியே வந்து தகவல் சொல்வதில்தானே தகராறு? அதை ஒலியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று இன்னொரு கூட்டம் கிளம்பியது. ஃபோட்டோஅக்கூஸ்டிக். சில நானோவினாடியே நீடிக்கும் லேசர் துடிப்பை உள்ளே அனுப்பினால், அது எத்தனை முறை சிதறினாலும் சரி, இரத்தம் இருக்கும் இடத்தில் உறிஞ்சப்படும். அங்கே வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறும். அந்தத் துக்கடா சூட்டுக்கே திசு விரிந்து அழுத்த அலை கிளம்பிவிடும், அதை அல்ட்ராசவுண்ட் சென்சார் பிடித்துக்கொள்ளும். ஒலி திசுவில் ஒளியைப் போல அலைக்கழிவதில்லை, சிதறல் நூறு முதல் ஆயிரம் மடங்கு குறைவு. அடிப்படை விளைவைக் கண்டவர் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், 1880-ல், விட்டுவிட்டு விழும் வெளிச்சம் பொருட்களில் சத்தம் எழுப்புவதைப் பார்த்து. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் லிஹோங் வாங்கின் குழு 2018-ல் ஒரே மூச்சை அடக்கிக்கொள்ளும் நேரத்தில், 15 வினாடியில், 4 சென்டிமீட்டர் ஆழம் வரை மார்பகத்தின் இரத்தக் குழாய்களைக் கால் மில்லிமீட்டர் தெளிவில் படம் எடுத்துக் காட்டியது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை எனக்கு. இந்த வகைக் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 ஜனவரியில் அனுமதி கொடுத்துவிட்டது. அதுவும் அல்ட்ராசவுண்டோடு சேர்த்து, சந்தேகக் கட்டியை மேலும் ஆராய்வதற்குத்தான். எல்லாரையும் வரிசையில் நிறுத்திச் சோதிக்க அல்ல.

ஆழமே வேண்டாம் என்றால் ஒளி ராஜா. அறுவை மேசையில் உடம்பு திறந்துதானே இருக்கிறது! மூளைக் கட்டிக்கு 5-ஏஎல்ஏ என்ற மருந்தை முன்கூட்டியே குடிக்கக் கொடுக்கிறார்கள், புற்றுச் செல்கள் அதை ஒளிரும் பொருளாக மாற்றி வைத்துக்கொள்கின்றன, நீல விளக்கில் கட்டி சிவப்பாக எரிகிறது. 2006-ல் வெளியான ஜெர்மானியச் சோதனையில் இதை வைத்து 65 சதவீதம் பேருக்குத் தெரிந்த கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது, வெறும் வெள்ளை விளக்கில் 36 சதவீதம். கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுக்கு 2021-லும் மார்பகக் கட்டியை எடுத்த குழியில் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க 2024-லும் வேறு ஒளிரும் மருந்துகளுக்கு எஃப்டிஏ அனுமதி வந்தது. இவையும் மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே வரைதான் எட்டும், ஆனால் ஓரத்தில் விட்டுப்போன துணுக்கைத் தேட அதுவே போதும்.

அப்புறம் அந்த மஞ்சள் கலர் விஷயம். 2024 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்ட் ஆட்கள் டார்ட்ரசீன் கரைசலைச் சுண்டெலியின் வயிற்றில் தடவி, தோலைக் கண்ணாடியாக்கி, குடல் அசைவதை வெறும் கண்ணால் பார்த்தார்கள். டார்ட்ரசீன் என்பது தீபாவளிப் பலகாரத்தில் போடும் மஞ்சள் சாயம்தான், டப்பாவில் இ102 என்று போட்டிருக்கும். நீலத்தைப் பலமாக உறிஞ்சும் சாயம் தண்ணீரில் கரையும்போது, சிவப்புப் பக்கத்தில் அந்தத் தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணை உயர்த்துகிறது. அது கொழுப்பு, புரதத்தின் எண்ணுக்கு அருகில் வந்ததும் சிதறலுக்கான காரணமே போய்விடுகிறது. கழுவினால் தோல் பழையபடி ஆகிவிடும். உறிஞ்சும் பொருளைச் சேர்த்து ஊடுருவலைக் கூட்டுவது என்பது என் மூளைக்கு ஒரு நாள் முழுக்கப் பிடிபடவில்லை. மனிதத் தோல் எலித் தோலைவிட எத்தனையோ தடிமன், சாயம் ஊறி இறங்குவதே பெரிய பாடு, ஆகவே யாரும் கேசரி பவுடரைக் குழைத்துப் பூசிக்கொண்டு கண்ணாடி முன் நிற்க வேண்டாம்.

கடைசியாக, எனக்கு உறுத்தும் ஒன்று. உடம்பைத் திறக்காமல் பார்க்கும் இந்தக் கருவிகள் எல்லாமே முதலில் தோலைக் கடக்க வேண்டும், தோலில் மெலனின் என்ற கறுப்பு நிறமி இருக்கிறது. 2020-ல் மிச்சிகன் ஆய்வாளர்கள், விரல் கிளிப் சரியான அளவு காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று காட்டினார்கள். பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் புழங்கும், நானே தினமும் தொட்டுப் பழகிய ஒரு எளிய கருவியில் இந்த நிலை. 660-ஐ மெலனின் கூடுதலாக விழுங்கும், 940-ஐக் குறைவாக. ஃபோட்டோஅக்கூஸ்டிக்கிலோ கறுத்த தோலே முதலில் சத்தம் போட்டு உள்ளிருந்து வரும் சிக்னலைக் குழப்பும். பினாங்கு மருத்துவமனை ஒன்றின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தால் என் கறுப்பு முதல் சீனப் பாட்டியின் வெளுப்பு வரை எல்லா நிறமும் ஒரே வரிசையில் இருக்கும். அதனால் இந்தத் துறையில் புதுக் கட்டுரை எது கண்ணில் பட்டாலும், படத்தைப் பார்க்கும் முன்பே நான் தேடுவது யார் யார் தோலில் சோதித்தார்கள் என்ற அட்டவணையைத்தான். பல கட்டுரைகளில் அந்த அட்டவணையே இருப்பதில்லை.